அடுப்பின் நீலச் சுடர்

எரிவாயு அடுப்பை விலைக்கு வாங்கும்போது அதனுடன் ஒரு சிறு தாளும் கிடைக்கும். சுடர் நீலமாக எரிய வேண்டும். பர்னரின் துளைகளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஜெட்டை ஊசியால் குத்தலாகாது. வாயுவின் நாற்றம் வந்தால் மின்சாரச் சுவிட்சைத் தொடலாகாது. ரப்பர் குழாயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இப்படி ஐந்தாறு விதிகள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளை முழுவதும் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? அடுப்பு மேடை ஏறுவதற்கு முன்பே தாள் குப்பைக் கூடைக்குப் போய்விடுவதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம்.

நேயர்களே, அந்தத் தாளை ஒரு சரித்திர நூலின் சுருக்கம் என்றே நான் சொல்வேன். அதிலுள்ள ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. ஓர் ஆண்டு இருக்கிறது. ஒரு விதிக்குப் பின்னால் எத்தனையோ குழந்தைகளின் உயிரும் இருக்கிறது. அவை எங்கே பிறந்தன, ஏன் பிறந்தன என்று இன்று காண்போம். பிறந்த கதை தெரிந்துவிட்டால், அடுப்பு கோளாறு செய்யும்போது நாம் திகைக்க வேண்டியதில்லை. நாடி பார்த்து நோயைச் சொல்லும் வைத்தியர்போல, சுடரைப் பார்த்தே குறையைச் சொல்லிவிடலாம்.

எரிவாயு முதலில் அடுப்புக்காக வரவில்லை, விளக்குக்காகவே வந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் மர்டாக் என்ற பொறியாளர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியில், சுரங்கங்களுக்கு நீராவி இயந்திரங்களை நிறுவும் வேலையில் இருந்தார். நிலக்கரியைக் காற்றுப் புகாத கலத்திலிட்டுக் காய்ச்சினால் ஒரு வாயு வெளிவரும். அது நன்றாக எரியும். இது அக்காலத்தவர் அறிந்த செய்திதான். அந்த வாயுவைக் குழாய் வழியே கொண்டுவந்து, 1792இல் ரெட்ரூத் என்ற ஊரில் தாம் குடியிருந்த வீட்டுக்கு விளக்கேற்றினார் மர்டாக். இருபது ஆண்டுகள் சென்றபின், 1812இல், லண்டன் நகருக்கு வாயு வழங்கும் கம்பெனி ஒன்று அரச சாசனம் பெற்றுத் தோன்றியது. தெருக்களின் அடியில் குழாய்கள் ஓடின. தெருக்களின் மேல் விளக்குகள் எரிந்தன.

விளக்குக்கு வேண்டியது வெளிச்சம். ஆகவே அந்நாளைய வாயுச் சுடர் மஞ்சளாகப் பளிச்சென்று எரிந்தது. சுடர் ஏன் மஞ்சளாகிறது? எரியும் வாயுவில் கரி அடங்கிய பொருள்கள் உண்டு. போதிய காற்று கிடைக்காதபோது அந்தக் கரி முற்றும் எரியாமல், மிக நுண்ணிய துகள்களாகச் சுடருக்குள் மிதக்கிறது. சூட்டினால் அத்துகள்கள் பழுத்து ஒளி வீசுகின்றன. நம் அகல்விளக்கின் சுடர் பொன்னிறமாக இருப்பதும் இதனால்தான். ஆனால் அதே துகள்கள் ஒரு பாத்திரத்தின் அடியில் படிந்தால் அதற்குப் பெயர் புகைக்கரி. விளக்குக்கு நன்மையாக இருந்த குணம் சமையலுக்குத் தீமையாக முடிந்தது.

ஆயினும், வாயுவைக் கொண்டு சமைக்கும் ஆசை விரைவிலேயே எழுந்தது. 1802இல் மொராவியா நாட்டில் வின்ஸ்லர் என்பவர் வாயுவில் சமைத்து விருந்தளித்துக் காட்டினார். இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நகரத்து வாயு நிலையத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஷார்ப் 1826இல் ஒரு வாயு அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். பத்தாண்டுகளுக்குப்பின் அதைச் செய்து விற்க ஒரு தொழிற்சாலையும் தொடங்கினார். லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் பெயர் பெற்ற சமையற்காரர் அலெக்ஸி ஸோயர், 1841இல் திறக்கப்பட்ட தம் புதிய சமையலறையில் வாயு அடுப்புகளை அமைத்தார். வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது அணைக்கலாம் என்ற வசதியை அங்கு வந்தவர்கள் வியந்து பார்த்தார்கள். என்றாலும் வீட்டு மக்கள் உடனே மனம் மாறிவிடவில்லை. உணவில் வாயுவின் வாடை ஏறிவிடும் என்றும், அடுப்பு வெடித்துவிடும் என்றும் அஞ்சினார்கள். பாத்திரம் கரியாவதையும் கண்டார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சுடரில் உண்மையாகவே ஒரு குறை இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது சமையலறை அன்று. ஒரு ரசாயன ஆராய்ச்சிக்கூடம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ராபர்ட் புன்சென் என்ற பேராசிரியர் இருந்தார். 1855இல் அவருக்காகக் கட்டிய புதிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு வாயுக் குழாய்கள் வந்து சேர்ந்தன. அவருக்கு வேண்டியதோ வெளிச்சம் இல்லாத, புகை இல்லாத, மிகுந்த சூடுள்ள சுடர். அவர் கண்ட உபாயம் எளியது. வாயு எரியும் இடத்துக்கு வந்தபின் காற்றைத் தேடிக்கொள்ளட்டும் என்று விடாமல், வரும் வழியிலேயே அதனுடன் காற்றைக் கலந்துவிட்டார். ஒரு சிறு துளையிலிருந்து வாயு வேகமாகப் பீறிடுகிறது. அந்த வேகமே பக்கத்துத் துளைகளின் வழியாகக் காற்றைத் தன்னுடன் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் குழாய்க்குள் கலந்து மேலே வந்து எரிகின்றன. பேட்டர் டெஸாகா என்ற கருவித் தொழிலாளர் அதைச் செய்து முடித்தார். இதற்கு முன்பும் இவ்வழியில் முயன்றவர்கள் உண்டு; ஆனால் உலகெங்கும் பரவியது ஹைடல்பர்க் பர்னர்தான். புன்சென் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. அவருடைய பெயரை இன்று பள்ளிக்கூட ஆராய்ச்சி மேஜையில் மாணவர்கள் அறிகிறார்கள். ஆனால் நம் வீட்டு அடுப்பின் வயிற்றுக்குள் இருப்பதும் அதே புன்சென் பர்னர்தான் என்பதை அறிந்தவர் குறைவு.

இனி முதல் விதிக்கு வருவோம். அடுப்பைக் குனிந்து பார்த்தால், குமிழுக்குப் பின்னால் ஜெட் என்ற சிறு முனையும், அதன் எதிரே கலவைக் குழாயின் திறந்த வாயும், குழாயின் மறுகோடியில் துளைகள் நிறைந்த பர்னரும் தெரியும். சிலிண்டரில் வரும் வாயு ஒரு பங்கு முற்றிலும் எரிவதற்குச் சுமார் 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி குழாயின் வாய் வழியாக நுழைகிறது. எஞ்சியது பர்னரைச் சுற்றியுள்ள வெளியிலிருந்து வருகிறது. சுடர் மஞ்சளாகி, பாத்திரம் கரியேறினால், இவ்விரு வழிகளில் ஒன்று அடைபட்டது என்று பொருள். பால் பொங்கி வழிந்து பர்னரின் துளைகளை மூடியிருக்கலாம்; கலவைக் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம்; பர்னரின் மூடி இருப்பிடம் பிசகி உட்கார்ந்திருக்கலாம். மருந்தும் எளியதே. ரெகுலேட்டரை அணைத்து, பர்னர் நன்றாக ஆறியபின் அதைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். துளைகளைத் தூரிகையால் துலக்கி, ஈரம் முற்றும் உலர்ந்தபின் மீண்டும் சரியாகப் பொருத்த வேண்டும். ஈரத்துடன் பொருத்தினால் சுடர் படபடவென்று துடிக்கும்.

மஞ்சள் சுடரைப் பாத்திரத்தின் அழுக்கோடு முடிந்துவிடும் சங்கதி என்று எண்ணிவிடக் கூடாது. காற்றுப் போதாமல் எரியும் வாயு கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஜன்னலை அடைத்த சிறு அறையில் அது மனிதனை மயக்கிக் கொல்லும். ஆகவே நீலச் சுடர் என்ற விதி பாத்திரத்தையும் காக்கிறது, சமைப்பவரையும் காக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. அதுவும் ஹைடல்பர்க் நகரத்துக் கதைதான். உப்பிட்ட குழம்பு பொங்கிச் சுடரில் தெறித்தால் சில விநாடி செம்மஞ்சள் நிறம் பளிச்சிட்டு மறைவதைக் கண்டிருப்பீர்கள். அது காற்றுக் குறைவினால் வந்த நிறம் அன்று. உப்பிலுள்ள சோடியம் சுடருக்குத் தரும் நிறம் அது. ஒவ்வொரு தனிமமும் சுடருக்குத் தனக்கே உரிய நிறத்தைத் தரும் என்ற உண்மையைப் பற்றிக்கொண்டு, புன்செனும் அவருடைய நண்பர் கிர்க்காஃபும் 1860இல் ஸீஸியம் என்ற புதிய தனிமத்தையும், அடுத்த ஆண்டில் ருபீடியம் என்ற மற்றொன்றையும் கண்டறிந்தார்கள். தானே ஒளி வீசாத சுடர் கையில் இருந்ததால் அல்லவோ மற்றப் பொருள்களின் நிறத்தை அவர்களால் பார்க்க முடிந்தது! ஆகையால், பளிச்சிட்டு மறையும் நிறத்துக்கு அஞ்ச வேண்டாம். நிலைத்து நின்று கரி பூசும் மஞ்சளையே நோய் என்று கொள்ள வேண்டும்.

அடுத்த விதி ஜெட்டைப் பற்றியது. அதன் துளை எவ்வளவு நுட்பமாக அளந்து செய்யப்பட்டது என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று பிரிட்டனில் நடந்தது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்நாட்டு வீடுகள் நிலக்கரி வாயுவையே நம்பியிருந்தன. 1965இல் வட கடலின் அடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. மலிவானது, கார்பன் மோனாக்ஸைடு நஞ்சு கலவாதது; ஆதலால் நாடு முழுவதும் அதற்கே மாறுவதென்று முடிவாயிற்று. ஆனால் குழாயில் புதிய வாயுவைத் திறந்துவிட்டால் மட்டும் போதவில்லை. நிலக்கரி வாயுவில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன். அதன் சுடர் மிக வேகமாக ஓடும். இயற்கை வாயுவின் சுடரோ மெதுவானது. ஆனால் அதே அளவு வாயுவில் ஏறக்குறைய இரு மடங்கு சூடு உண்டு. பழைய அடுப்பில் புதிய வாயுவை விட்டால், துளையிலிருந்து வரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சுடர் பர்னரை விட்டு மேலே எழும்பி அணைந்துபோகும். ஆகவே 1967 முதல் 1977 வரை பத்தாண்டுக் காலம் தொழிலாளர்கள் தெருத் தெருவாக, வீடு வீடாகச் சென்றார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் அடுப்புகளிலும் கணப்புகளிலும் ஜெட்டையும் பர்னரையும் மாற்றினார்கள். ஓர் ஊசிமுனைத் துளைக்காக ஒரு நாடு பத்தாண்டுகள் உழைத்தது என்றால் அது மிகையாகாது.

இந்தக் கதை நமக்கும் பாடமாகும். வாயுவும் அடுப்பும் ஒரு ஜோடி. நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் இப்போது குழாய் வழியே இயற்கை வாயு வருகிறது. சிலிண்டருக்கென்று செய்த அடுப்பை ஜெட் மாற்றாமல் அந்தக் குழாயில் இணைத்தால் அடுப்பு சரியாக எரியாது. சுடர் பர்னரை விட்டு எழும்பினாலும், 'டப்' என்ற ஓசையுடன் உள்ளே இறங்கிக் கலவைக் குழாய்க்குள் எரிந்தாலும், வாயுவின் வேகமும் சுடரின் வேகமும் இசையவில்லை என்று அறிந்து, உடனே குமிழை அணைத்துவிட வேண்டும்.

ஜெட்டை ஊசியால் குத்தும் பழக்கம் நம் வீடுகளுக்கு எப்படி வந்தது? அது பம்ப் ஸ்டவ் விட்டுச் சென்ற சொத்து. 1892இல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் பிரைமஸ் என்ற மண்ணெண்ணெய் அடுப்பை உருவாக்கினார். காற்றழுத்தத்தால் எண்ணெயை மேலேற்றி, ஆவியாக்கி எரிக்கும் அந்த அடுப்பு நம் நாட்டுக்கும் வந்து, விறகுப் புகையால் கண் எரிந்த தாய்மார்களுக்கு உற்ற துணையாயிற்று. அதன் முனையில் அடிக்கடி கரி அடைத்துக்கொள்ளும். அப்போது தகட்டில் கோத்த மெல்லிய ஸ்டவ் பின்னால் அதைக் குத்திவிடுவது அன்றாட வேலை. என் தாயார் அந்தப் பின்னைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார். பின்னாளில் வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்தபோதும் அந்தத் தீப்பெட்டி மேடையை விட்டு அகலவில்லை. ஒரு நாள் சுடர் மெலிந்தது கண்டு, பின் எட்டவில்லை என்று தையல் ஊசியால் ஜெட்டைக் குத்தினார். சுடர் பெரிதாயிற்று, அவருக்கு மகிழ்ச்சி. இரண்டு நாளில் பாத்திரங்களெல்லாம் கரியாயின.

நடந்தது என்ன? மெல்லிய பித்தளையில் அளந்து போட்ட துளை ஊசியால் அகன்றுவிட்டது. வாயு மிகுந்தது, காற்று அதற்கேற்ப மிகவில்லை. கலவை கெட்டது. புதிய ஜெட் போட்ட பிறகே சுடர் நீலமாயிற்று. பழைய கருவிக்கு அறிவாக இருந்தது புதிய கருவிக்குப் பிழையாகிவிட்டது. ஜெட் அடைத்துக்கொண்டால் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவதே முறை. குமிழ் இறுகித் திருகக் கடினமானாலும் அவ்வாறே. குறடு கொண்டு திருகினால் உள்ளே இருக்கும் வால்வு பழுதாகி வாயு கசியும்.

கசிவு என்றதும், எல்லா விதிகளிலும் பெரிய விதி நினைவுக்கு வருகிறது. நிலக்கரி வாயுவுக்கு இயற்கையிலேயே நாற்றம் இருந்தது. ஆனால் இயற்கை வாயுவுக்கும், சிலிண்டரில் நாம் வாங்கும் வாயுவுக்கும் தாமாக அப்படிக் கடும் நாற்றம் கிடையாது. மூக்கு எச்சரிக்காத வாயு எவ்வளவு கொடியது என்பதை அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்தைச் சேர்ந்த நியூ லண்டன் என்ற சிற்றூர் அறிந்தது. எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த ஊர் அது. அங்கே பெரிய பள்ளிக்கூடம் ஒன்று கட்டியிருந்தார்கள். செலவைக் குறைக்க எண்ணி, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து கழிவாகப் போகும் வாயுவின் குழாயோடு பள்ளியின் கணப்புக் குழாயை இணைத்துக்கொண்டார்கள். எங்கோ ஓரிடத்தில் அது கசிந்தது. தரைக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் வாயு நிறைந்தது. நிறமில்லை, நாற்றமில்லை, ஒருவரும் அறியவில்லை. 1937 மார்ச் 18ஆம் நாள் பிற்பகல், பள்ளி விடுவதற்குச் சில நிமிஷங்களே இருந்த வேளையில், தொழிற்கூடத்தில் மின்சாரக் கருவி ஒன்றை இயக்கியபோது எழுந்த பொறியால் வாயு தீப்பற்றி வெடித்தது. கட்டடம் இடிந்து விழுந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டார்கள்.

அதே ஆண்டில் டெக்ஸஸ் சட்டசபை, வாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அந்த வழக்கம் மற்ற இடங்களுக்கும் பரவியது. இன்று நம் சிலிண்டரில் கலந்திருப்பது மெர்காப்டன் என்ற பொருள். மிகச் சிறிதளவே சேர்த்தாலும் அழுகிய முட்டைக்கோஸ்போல நாறும். அந்த நாற்றத்தைக் கண்டு முகம் சுளிக்கிறோம். நம்மைக் காக்கும் பொருட்டு வாயுவின் உடலில் கட்டிவிட்ட மணி அது. சுவிட்சைத் தொடாதே என்ற விதியும் அந்தப் பள்ளிக்கூடத்துத் தொழிற்கூடத்தை நினைவூட்டுவதாகும். விளக்கைப் போட்டாலும் பொறி எழும். எரியும் விளக்கை அணைத்தாலும் பொறி எழும்.

நம் நாட்டில் சிலிண்டர் வாயு வீடுகளுக்கு வரத் தொடங்கியது 1955இல், பம்பாய் நகரில். 1965இல் கல்கத்தாவில் இண்டேன் இணைப்பு தொடங்கியது. தமிழ்நாட்டில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டம் நடந்தது. 2016இல் உத்தரப்பிரதேசத்துப் பல்லியா நகரில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக விறகுப் புகையில் வாடிய தாய்மார்களுக்கு இது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் சிலிண்டர் போய்ச் சேர்ந்த வேகத்தில், அதை ஆளும் அறிவும் போய்ச் சேர்ந்ததா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனெனில் இந்த வாயுவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சிலிண்டருக்குள் அது அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு பெருகி வாயுவாகிறது. இயற்கை வாயு காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும். சிலிண்டர் வாயுவோ காற்றைவிடக் கனமானது; தண்ணீர்போலத் தரையில் பரவி, மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஆகவே நாற்றம் வந்தால், அடுப்பின் குமிழையும் ரெகுலேட்டரையும் அணைத்து, எரியும் விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அவித்து, கதவு ஜன்னல்களை விரியத் திறந்து, வீட்டாரை வெளியே அனுப்பிவிட வேண்டும். தரையோடு தேங்கிய வாயு ஜன்னலைவிடக் கதவின் வழியாகவே நன்கு வெளியேறும். பின்பு வெளியில் நின்று வாயு நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ரப்பர் குழாயின் இணைப்புகளில் கசிவு உண்டா என்று வழக்கமாகச் சோதிக்கும்போது சோப்பு நுரையைத் தடவிப் பார்க்கலாம். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவர் தம் வீட்டைத் தாமே கொளுத்துகிறார். ரப்பர் குழாயை வெடிப்பு காணும்வரை வைத்திராமல், அதன்மேல் அச்சிட்ட கெடு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். இரவில் படுக்கப் போகும்முன் ரெகுலேட்டரையும் அணைக்க வேண்டும்.

இளைஞர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் சென்று சற்று நேரம் அந்தச் சுடரைப் பாருங்கள். அது நீலமாக எரிந்தால் ஹைடல்பர்க் பேராசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளாக எரிந்தால், அம்மாவின் வேலை முடியட்டும் என்று காத்திருந்து, பர்னரைக் கழற்றி நீங்களே கழுவிக் கொடுங்கள். சமையலறைக் கருவியைப் பேணுவது சமைப்பவருடைய கடமை மட்டுமே என்று யார் சொன்னது? அந்த உணவை உண்பவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

அடுப்போடு வந்த தாள் வீட்டில் எங்காவது அகப்பட்டால் எடுத்துப் படியுங்கள். நியூ லண்டன் பள்ளியின் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு விதியை எழுதித் தர அன்று யாரும் இல்லை. நமக்கு அது கிடைத்திருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டிவைப்போம்.